யாரும் ஜெயிக்காத விளையாட்டு

லிந்துலை
11 பெப்ரவரி 2024

அன்புள்ள லாபிர் நானாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல மருமகள் சுலக்ஷனா எழுதுகிறாள். உங்க காது மந்தமானதிலிருந்து போனில் கத்திக் கத்தி என் தொண்டைதான் போகிறது, கடிதமே நல்லது. நானும் வீட்டுக்காரி ராசம்மாவும் சுகம். ஹட்டனில் உங்க வீட்டிலும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

கல்யாணப் பத்திரிகை அடித்த உங்க அச்சகத்தில் மகள் ஸஹ்லா விளையாட்டுப் பெட்டி போடுகிறாள் என்றபோது நான் சிரித்தது உண்மை. முதலில் ஐம்பது பெட்டி, அப்புறம் பள்ளிக்கூடங்களுக்கு முந்நூறு, இப்போது பெட்டி ஒட்ட மட்டும் அஞ்சு பிள்ளைகள் என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் விளையாடிப் பார்த்துச் சொல்லட்டும் என்று பஸ்ஸில் அனுப்பிய புதுப் பெட்டி வந்தது. இன்றைக்கு ஞாயிறு. ராசம்மா, சுலக்ஷனா, லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிரியந்தி, அவள் அக்கா, நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பகடை உருட்டி, கொழுந்து சேர்த்துக்கொண்டு பலகையில் மலை ஏற வேண்டும். நிறுக்கும் இடத்தில் பதினெட்டுக் கொழுந்து இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். ரெண்டு அரைப்பேர் வாங்கினால் வெளியே. கடைசியில் மிஞ்சுகிறவர் ஜெயித்தவர். எல்லாம் புரிந்தது.

ஆனால் பத்து மணிக்குத் தொடங்கியது மூன்று மணி வரை முடியவில்லை. பிரியந்தியிடம் பதினாலுதான் இருந்தது. ராசம்மா நாலை எடுத்துப் போட்டாள். அப்புறம் ராசம்மாவுக்குக் குறைந்தது, சுலக்ஷனா போட்டாள். யாரும் வெளியே போகவில்லை, யாரும் ஜெயிக்கவும் இல்லை. சந்தோஷமாக எழுந்து போனார்கள்.

பெட்டியை நனையாமல் வைத்திருக்கும்,
வீரய்யா


ஹட்டன்
15 பெப்ரவரி 2024

அன்பின் வீரய்யா அண்ணனுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் காதைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அவர்கள் சந்தோஷமாக எழுந்து போனார்களாம். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

இப்போது கல்யாணத்துக்குப் போனிலேயே பத்திரிகை அனுப்புகிறார்கள். இந்த விளையாட்டை நம்பித்தான் அச்சு மெஷினை வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் கொழும்புப் புத்தகக் கடைக்காரர் ஒருவர் விளையாடிப் பார்க்க வருகிறார். பிடித்தால் எண்ணூறு பெட்டி எடுப்பார். பிடிக்காவிட்டால் மெஷினைக் கண்டி ஆள் ஒருவருக்கு விற்றுவிடுவேன் என்று ஸஹ்லாவிடம் சொன்னேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை.

விளையாட்டு என்றால் ஜெயிக்க ஆள் வேண்டும். கொழுந்தைக் கொடுக்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லுங்க. நீங்க பக்கத்தில் இருந்துமா இந்தக் கள்ள விளையாட்டு?

லாபிர்


லிந்துலை
18 பெப்ரவரி 2024

அன்புள்ள நானாவுக்கு,

கண்டித்துச் சொன்னேன். இன்றைக்குப் பலகைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்கள். கேட்டால் ராசம்மா, "அந்தப் புள்ள அரைப்பேரோட வீட்டுக்குப் போறத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? அந்த நானாவ வந்து ஒரு நாளைக்குக் கொழுந்து பறிக்கச் சொல்லுங்க" என்கிறாள்.

கள்ள விளையாட்டு என்று எழுதியது எனக்கு மனவருத்தம். முப்பத்தொரு வருஷம் கொழுந்துச் சாக்கு தூக்கியவன் நான். எழுபத்தொன்பதில் நாலாம் நம்பர் மலை. ராசம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் பறித்தது பாதிக் கூடை. ஆனால் அவள் அப்படி மலைக்கு வந்த பன்னிரண்டு நாளும் முழுப்பேர். எந்த நாள் யார் போட்ட கொழுந்து என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். நிறுக்கும் இடத்தில் கொடுத்தால் கணக்கப்பிள்ளை பார்த்துவிடுவார். வருகிற வழியிலேயே கொடுத்துவிட வேண்டும். அதுதான் அங்கே முறை.

அடுத்தவனைத் தள்ளிவிட்டு மேலே போவது உங்க கடைத்தெரு, நானா. மலையில் எங்கள் எல்லாருக்கும் எதிரி ஒன்றுதான். பனிமூட்டம் இறங்கிவிட்டால் கொழுந்து கண்ணுக்குத் தெரியாது.

மூத்த மகன் கல்யாணப் பத்திரிகையில் நீங்க நாளைத் தப்பாக அடித்து, வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு வியாழக்கிழமையே ஆட்கள் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. அப்போதும் என்னைத்தான் குறை சொன்னீங்க.

வீரய்யா


ஹட்டன்
9 மார்ச் 2024

அன்பின் அண்ணனுக்கு,

உங்க கடிதத்தை ஸஹ்லா என் கையிலிருந்து பிடுங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுப் பழைய பலகையை இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். இப்போது நாலு பேரும் ஒரு பக்கம். மேலிருந்து பனிமூட்டம் கட்டம் கட்டமாக இறங்கும். அது அடிவாரத்தைத் தொடுவதற்குள் நாலு பேருக்கும் முழுப்பேர் விழ வேண்டும். ஒருவருக்குக் குறைந்தாலும் நாலு பேரும் தோற்றார்கள். வழியில் கொடுக்கலாம், நிறுக்கும் இடத்தில் கூடாது.

கொழும்புக்காரர் வந்தார். ஸஹ்லாவோடும் பெட்டி ஒட்டும் பிள்ளைகள் இருவரோடும் உட்கார்ந்தார். ஒரே ஒரு கொழுந்து குறைந்து தோற்றார்கள். நான் தேத்தண்ணி கொண்டு போனால், "அது பொறகு பாக்கலாம். தங்கச்சி, திரும்பப் போடுங்க" என்கிறார். எண்ணூறுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

கண்டி ஆள் மெஷினைப் பார்க்க வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்தது. அவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினேன். ஸஹ்லா பேசத் தொடங்கிவிட்டாள். இப்போது நிறுத்த முடியவில்லை.

அன்றைக்கு அப்படி எழுதியது என் பிழை. பத்திரிகையில் நாள் மாறியதும் என் பிழைதான். இருபது வருஷம் கழித்து ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

லாபிர்


லிந்துலை
17 மார்ச் 2024

அன்புள்ள நானாவுக்கு,

பெட்டி வந்தது. நோன்பு நல்லபடியாகப் போகட்டும். பெருநாள் முடிந்ததும் ஸஹ்லா மகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வாங்க.

பெண்கள் நாலு பேரும் சேர்ந்து, பறிக்கத் தெரியாதவன் என்று சொல்லி, மூட்டத்தை நகர்த்தும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பிரியந்தி, "மாமா, கொஞ்சம் மெதுவா எறக்குங்க" என்றாள். "பகடை சொல்றதத்தான் நான் செய்றேன்" என்றேன். ரெண்டு ஆட்டம் தோற்றார்கள். நாலு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் பிரியந்திக்கு ஒரு கொழுந்து குறைவு. மூட்டமோ அடிவாரத்துக்கு ஒரே கட்டம் மேலே நிற்கிறது, அடுத்த உருட்டில் தொட்டுவிடும். ராசம்மா தேத்தண்ணி ஊற்ற எழுந்தாள். எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் மூட்டத்தை ஒரு கட்டம் மேலே ஏற்றி வைத்தேன். அதனால் கிடைத்த ஒரு சுற்றில் குறைந்த கொழுந்தும் சேர்ந்து ஜெயித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அடுத்த லயத்து ஆட்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். ராசம்மா மூன்று நாளாகத் தோட்டம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

இதுவரை யாருக்கும் தெரியாது. எழுதும் மருமகள் இப்போது பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறாள். "இத எழுதட்டுமா மாமா?" என்கிறாள். எழுது என்றேன்.

எழுதிவிட்டுச் சொல்கிறாள், "அத்தைக்கு வாசிச்சுக் காட்டுறப்ப மட்டும் இந்த எடத்த விட்டுர்றேன்."

உங்க அன்பை மறவாத,
வீரய்யா