ஏலத்துக்கு வந்த காசித்தும்பை

14-10-37, வியாழன்

காலையிலிருந்து தூறல். பஞ்சு நனைகிறது என்று மில்லில் ஒரே கூச்சல். எனக்கோ வீட்டுச் செடியின் கவலை.

காட்டுக் காசித்தும்பை. போன மாதம் மலையடி ஓடையில் வழுக்கியபோது கைக்கு அகப்பட்டது. என்னைத் தாங்கவில்லை; வேரோடு கூடவே வந்துவிட்டது. மகள் எஸ்தர் உடைந்த பானையில் நட்டு வளர்க்கிறாள். விழுந்தது நான், உபசாரம் அதற்கு. இளஞ்சிவப்புப் பூ, பின்னால் சின்ன வால். வெயிலைக் கண்டால் தலை தொங்கிவிடும், என்னைப்போல.

ஞாயிறு அறுப்பின் பண்டிகை. விளைந்ததைக் கோயிலில் படைக்க வேண்டும்; மறுநாள் அதை ஏலம் விடுவார்கள். வயல் இல்லை, கோழியும் இல்லை. இதுதான் எங்கள் விளைச்சல்.

எஸ்தருக்கு மனசில்லை. "குடுத்தா ஏலத்துல போயிருமே."

"திங்கக்கிழமை நானே ஏலத்துல எடுத்துத் தாரேன்."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு வேதத்துல இருக்கு."

"அப்ப மறந்துருவிய."

17, ஞாயிறு

பூசணி, கரும்பு, வாழைத்தார். நடுவில் நம் பானை. உபதேசியார் பிரசங்கம் நீளம், என்ன சொன்னார் என்று கேட்டால் விழிப்பேன். செடி வாடவில்லை, அது போதும்.

மச்சினன் செல்லையா காதில்: "அத்தான், களையப் புடுங்கியா காணிக்க வச்சிய?"

18, திங்கள்

மழை. பெண்கள் கோயிலுக்குள், நாங்கள் வெளியே பந்தலில். உள்ளே கேட்கும் விலையை, மணியடிக்கும் கோயில்குட்டி வாசலில் நின்று கத்துவார். ஏலம் போட்டது உபதேசியார்.

செடியின் முறை வந்தது. விலை ஏற்ற நினைத்து, முற்றிய காய் ஒன்றை விரலால் தொட்டார். பட்டென்று வெடித்து விதையெல்லாம் அவர் மூக்குக் கண்ணாடியில். பந்தலே சிரித்தது. பிள்ளைகள் நெருக்கியடித்தார்கள்.

நான் விலை கேட்டேன்.

"உள்ள ஒரு அம்மா கூட்டிக் கேக்காக!" என்றார் கோயில்குட்டி.

நானும் கூட்டினேன். உள்ளே இன்னும் கூடியது. எந்தப் பணக்கார மகராசியோ! வாங்க நினைத்த குடை போயிற்று. கிறிஸ்துமஸ் சட்டையும் போயிற்று. செல்லையா தொடையைத் தட்டுகிறான்: "விட்டுறாதிய அத்தான்!" பிள்ளைக்குச் சொன்ன வாக்கு, விடமாட்டேன் என்று மறுபடி கூட்டினேன்.

எஸ்தர் மழையில் ஓடி வந்தாள். "அப்பா, நிறுத்துங்க! உள்ள கேக்கது நம்ம அம்மா!"

பந்தல் பிய்ந்துவிடும்போல் சிரிப்பு. உபதேசியார்: "வீட்டுலயே சண்ட போட்டிருந்தா சும்மா கெடச்சிருக்கும்வே." கடைசி விலை என்னுடையது, கட்டினேன். அதற்கு ஒரு ஆட்டுக்கிடா வந்திருக்கும்.

வழியில் விசாரணை. அப்பா மறந்துவிடுவார் என்று அம்மாவிடமும் வாக்கு வாங்கி வைத்திருக்கிறாள் கள்ளி. என் மனைவி ஞானம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல், "வெளிய எவனோ ஒரு கிறுக்கன் ஏத்துதான்னுல்லா நெனச்சேன்!" என்றாள். நினைத்ததில் தப்பில்லை.

19, செவ்வாய்

நல்ல மழை. மில்லில் நுழைந்ததும் நாலு பேர் காசித்தும்பையை விசாரித்தார்கள். செடி தெளிவாக இருக்கிறது, புதிதாக இரண்டு மொட்டு. பானையைச் சன்னலோரம் வைக்கலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் கேக்காதியப்பா. வெல ஏறிரும்."