துண்டு ஆட்டினால் வலை கிடக்கிறது

கருக்களாச்சேரி
3.9.2009

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தம்பி ரஞ்சித்தும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், விசாகப்பட்டினத்தில் நீயும் அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உடம்பைத்தான் சொல்கிறேன், மனசைக் கேட்காதே.

போன வருஷம் பம்பாயில் தீவிரவாதிகள் கடல்வழியாக வந்து சுட்ட பிறகு உங்கள் கப்பல் கட்டும் தளத்தில் பெரிய கப்பல் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு, கரையோரக் காவலுக்குச் சின்ன போட்டுகளை முதலில் கட்டச் சொல்லிவிட்டார்கள் என்று போனில் சொன்னாயே, அந்தப் போட்டுகளை வரைந்தவர்களில் நீயும் ஒருத்தி என்று அம்மா தெருவெல்லாம் சொல்லியாயிற்று. நீ அனுப்பிய போட்டுப் படத்தைச் சுவரில் மாட்டி, மீன் வாங்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுகிறாள். அந்தப் போட்டைச் செவ்வாய்க்கிழமை காலையில் நடுக்கடலில் நேரிலேயே பார்த்தேன் அம்மாடி. அதே சாம்பல் நிறம், அதே கூர்மூக்கு. ரஞ்சித்துக்குத் தலைகால் புரியவில்லை, அக்கா போட்டு அக்கா போட்டு என்று குதித்தான். அதுவோ நேரே எங்கள் வலையைப் பார்த்து வந்தது. உடனே இவன் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினான். துண்டை ஆட்டினால் இங்கே வலை கிடக்கிறது, சுற்றிப் போ என்று அர்த்தம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் ஒலிபெருக்கியில் இந்தியில் என்னவோ கத்தினார்கள். கண்ணில் படவில்லையாக்கும் என்று இவன் பலகைமேல் ஏறி இன்னும் வேகமாக ஆட்டினான். அந்தப் போட்டின் முன்னால் நின்றவன் துப்பாக்கியை உன் தம்பி நெஞ்சுக்கு நேரே திருப்பிவிட்டான். காலைப் பிடித்து இழுத்து அவனைக் கீழே தள்ளி அவன்மேலேயே விழுந்தேன். கிட்டே வந்து எங்கள் மீனவர் அடையாள அட்டையைப் பார்த்த பிறகு அதிலிருந்த தமிழ்ப்பிள்ளை ஒருவன், துண்டை வீசுனதும் எதையோ எறியப் போறீங்கன்னு நெனச்சுட்டாங்க பெரியவரே, கையத் தூக்கிட்டு சும்மா நின்னுருக்கணும் என்றான்.

போட்டை வரையும்போது உங்கள் ஆபீஸ் கூட்டத்தில் வேகம்தான் முதல், மற்றதெல்லாம் பிறகு என்று முடிவானதாகச் சொன்னாய். அந்த மற்றதில் நாமும் இருக்கிறோம் என்று நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை, நீயும் நினைத்திருக்க மாட்டாய். உன்மேல் கோபம் இல்லை, ஆனால் வரைந்து கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று மட்டும் சொல்லாதே. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, துண்டு ஆட்டுகிறவன் யார் என்று போட்டில் போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல். அம்மாவுக்கு இது தெரியாது, போனில் உளறிவிடாதே. உனக்கே எழுத வேண்டாம் என்றுதான் ரஞ்சித் சொன்னான். நேற்றுச் சாப்பிடும்போது சுவரிலிருக்கும் படத்தைப் பார்த்து, அக்கா போட்டு என்னா வேகம்ப்பா என்று சிரிக்கிறான். நான் பாதிச் சோற்றோடு எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. மகராசியாய் இரு. கூட்டத்தில் சொல்ல மறந்துவிடாதே, உன் தம்பி நாளைக்கும் கடலுக்குப் போகிறான்.

உன் அப்பா,
மாணிக்கவேல்