விருந்தினருக்காக விட்ட இருக்கைகள்

அன்புள்ள குனியோ அண்ணாவுக்கு,

சிஹாரு எழுதுகிறேன். மியாதோவில் பனி கரையத் தொடங்கியிருக்கும். இங்கே கமியுசேயில் இன்னும் ஜன்னல் உயரத்துக்கு நிற்கிறது. அண்ணி அனுப்பிய முள்ளங்கி ஊறுகாய் வந்து சேர்ந்தது. இவருடைய சிறுநீரகத்துக்கு உப்பு ஆகாது என்பதால் நான்தான் தின்று தீர்க்கிறேன். அண்ணியின் கழுத்து வலி குறைந்ததா?

ஹினோசே ரயில் பாதையை மூட, பாதையோர ஊர்கள் எல்லாமே சம்மதிக்க வேண்டுமாம். மற்ற ஊர்கள் சம்மதித்துவிட்டன, மியாதோ மேயரான உங்கள் பதில்தான் பாக்கி என்று செய்தித்தாளில் படித்தேன். தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

ரயிலில் ஆளே இல்லை என்று உங்களிடம் காட்டியிருப்பார்கள். அதிகாரிகள் வந்து பயணிகளை எண்ணிய அந்தக் கணக்கெடுப்பு நாளன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. மாதர் சங்கத் தலைவி ஒனோதேரா அம்மா முந்தின வாரமே எல்லோரையும் கூப்பிட்டு, "வெளியூர்லேருந்து பெரியவங்க வர்றாங்க. நாம முண்டியடிச்சு ஏறி உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்? பிளாட்பாரத்துல நின்னு கொடி ஆட்டுவோம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. இவரிடம், "உங்கள நான் கார்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு விடறேன். வெளுத்த மூஞ்சியோட உட்கார்ந்திருந்தா வர்றவங்களுக்குச் சங்கடம்" என்றார். இவரும் சிரித்துக்கொண்டே, "சரிதான், பொணம் ஏறின வண்டின்னு எழுதிடுவாங்க" என்று போய்விட்டார். ஊரே குனிந்து வணங்கிய அந்த ரயிலில், கணக்கில் ஏறியது பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் மட்டும். இப்போது ஒனோதேரா அம்மா எங்கள் வீட்டுப் பக்கமே வருவதில்லை. வழியில் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறார்.

போர்க்காலத்தில் இந்தத் தண்டவாளங்களை இரும்புக்காகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். போர் முடிந்தபின் நம் தாத்தாவும் ஊராரும் சரளை சுமந்து மறுபடி போட்டார்கள். அதைச் சொல்லி உங்களைக் கரைக்கப் பார்க்கவில்லை. தாத்தா சுமந்தார் என்பதற்காக நஷ்டத்தில் ஓட்ட முடியாது என்று எனக்கும் தெரியும்.

ஆனால் பேருந்து போதும் என்கிறார்களே, மியாதோ ஆஸ்பத்திரிக்கு அது கணவாய் வழியாகத்தான் வர வேண்டும். ஜனவரியில் சோதனைக்கு ரயிலை நிறுத்திப் பேருந்து விட்டார்கள். கணவாயைப் பனி மூடியது. இவருக்கு டயாலிசிஸ் இரண்டு முறை தவறியது. முகம் வீங்கி, படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தார். கடைசியில் பனி தள்ளும் வண்டியை முன்னால் விட்டு, சுரங்கப் பாதை வழியாக ரயில்தான் இவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மியாதோவுக்கே குடிவந்துவிடுங்கள் என்பீர்கள். நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "இருபது வருஷம் லைன்ல பனி வாரினவன் நான். உங்க அண்ணன் பாத்துக் குடுக்கற வீட்ல போய் ஒண்டிக்கணுமா? ரயில் ஓடற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவேன் சிஹாரு. அது நின்னா நானும் நிறுத்திக்கறேன்" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். சோற்றில் தேநீர் ஊற்றிக்கொண்டே, நாளைக்கு வெயில் வரும் என்பதுபோலச் சொன்னார். அண்ணா, இவர் சொன்னால் செய்கிறவர்.

உங்களுக்கும் இவருக்கும் என்றுமே ஒத்துப்போனதில்லை. இவருக்காகக் கேட்கவில்லை, எனக்காகக் கேட்கிறேன். இன்னொரு முறை கணக்கெடுக்கச் சொல்லுங்கள். கொடி இல்லாமல், நாங்கள் எல்லோரும் ஏறுகிற ஒரு நாளில். அதுவரை சம்மதம் என்று சொல்லிவிடாதீர்கள்.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நீண்ட காலம் நலமாக இருக்க வேண்டும். இவரும் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கை,
சிஹாரு