ஷெரிஃப் தட்டினால் திறக்க வேண்டும்

என் அண்ணாவுக்கு, எங்கிருந்தாலும் கொஞ்சம் காது கொடு.

நாளைக் காலை எங்கள் கதவைத் தட்டப் போகிறார்கள். திறக்க வேண்டியவன் நான். இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? கதவைத் திறந்துதானே நீ போனாய்.

உன்னைக் கொண்டுபோனவர்கள் யார் என்று இன்றைக்கும் தெரியாது. அன்றிலிருந்து அம்மா யாருக்கும் கதவு திறப்பதில்லை. நாடு விட்டு வந்து குடியிருக்கும் இந்தப் பார்க்டேலில், ஒன்பதாம் மாடியிலும் அதே கதைதான். யாராவது தட்டினால் அடுப்பை அணைப்பார், ரீவியை நிற்பாட்டுவார், என் வாயைப் பொத்துவார். இருபத்திரண்டு வயதுக்காரனின் வாயை.

வினை அதில்தான் வந்தது. கட்டடத்தைத் திருத்திக் கூடிய வாடகைக்குக் கொடுக்க வேண்டுமென்று வீட்டுக்காரன் எங்களை வீட்டைவிட்டு எழுப்ப வழக்குப் போட்டான். அறிவித்தல் கொண்டுவந்தவருக்கு நாங்கள் திறக்கவில்லை. அவர் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டுப் போன கடிதத்தில் கோர்ட் என்று கண்டதும் அம்மா போக மறுத்துவிட்டார். மறுத்துப் பேச ஆளில்லை, தீர்ப்பு அவன் பக்கம். பயந்தவர்களின் வீடுகள் சுலபமாகக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் முகத்தை நாங்கள் கண்டதேயில்லை. தட்டுகிற வேலையை அவனுக்காக அரசாங்கம் செய்து கொடுக்கிறது. அதற்கு வருகிறவர்தான் ஷெரிஃப்.

இலவச சட்ட உதவி நிலையத்தில் மொழிபெயர்க்கும் வசந்தி அக்கா விளங்கப்படுத்தினார். இந்த ஊர் கவுண்டி என்ற பழைய மாவட்டமாக இருந்த காலத்தில் சிறைச்சாலையும் தூக்குமரமும் ஷெரிஃபின் பொறுப்பாம். இப்போது ஜூரிக்கு ஆள் அழைப்பதும், நீதிமன்றக் கட்டளையை வாசல்வரை கொண்டுவந்து நிறைவேற்றுவதும்தானாம்.

"தூக்குப் போட்டவனோ?" அம்மாவுக்கு அது மட்டும்தான் கேட்டது.

"அது அந்தக் காலம், அன்ரி. இப்ப பூட்டு மாத்துறதோட சரி."

"யூனிபோமிலயோ வருவினம்?"

"சாதாரண உடுப்பிலயும் வருவினம்."

"என்ர மூத்தவனைக் கொண்டுபோனவங்களும் சாதாரண உடுப்புத்தான், பிள்ளை."

வசந்தி அக்கா தன் கதிரையை அம்மாவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

நிலையத்து வழக்கறிஞர் இன்று மத்தியானம், எங்களை எழுப்புவதை நிறுத்திவைக்கும் கட்டளை ஒன்றை எடுத்துத் தந்தார். ஷெரிஃப் அலுவலகத்துக்கும் அனுப்பியாயிற்று.

"வாற ஆளின்ர கைக்குப் போய்ச் சேர்ந்துதோ தெரியாது," என்றார் வசந்தி அக்கா. "தட்டினவுடன திறந்து பேப்பரைக் காட்டு. திறக்காட்டிப் பூட்டைத் துளைச்சுப்போடுவினம்."

"கதவுக்குக் கீழால தள்ளினாப் போதாதோ, அக்கா?"

"போதாது. திற."

அம்மா இப்போதே கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். "நான் திறக்கிறன். என்னைக் கொண்டுபோகட்டும்."

"உங்களைக் கொண்டுபோய் என்ன செய்யிறது, சமைப்பிக்கிறதோ?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. நீதிமன்றத்தின் ஆள்தான், துவக்கை நெஞ்சுக்கு நேரே நீட்ட மாட்டான் என்று தலைக்குத் தெரிகிறது. ஆனாலும் கதவுச் சங்கிலியை மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டேன்.

நீ அன்றைக்குப் பயந்தாயா? "ஆர்?" என்று நீ கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. குரல் நடுங்கியதாக நினைவில்லை. உள்ளே எப்படி இருந்தது, அண்ணா?

நாளைக்கு நானும் "ஆர்?" என்று கேட்பேன், இங்கிலீஷில். கதிரையை நகர்த்துவேன், சங்கிலியைக் கழற்றுவேன், திறப்பேன். பேப்பரை நீட்டுவேன். வாசலைத் தாண்ட மாட்டேன். என்ன நடந்தாலும் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, திரும்பி உள்ளே வருவேன்.

உன் தம்பி,
இப்போது உன்னைவிட மூத்தவன்.