உன் படத்தைப் போட்டு ஆள் சேர்க்கிறார்கள், அக்கா

என் ஆசை செல்வி அக்காவுக்கு,

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் உன்னைப் பார்த்தேன். "எங்கள் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத வாருங்கள். இந்த ஊர்ப் பெண் செல்வி வழிகாட்டினார்" என்று உன் படத்தின் கீழ் அச்சடித்திருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைக் கேட்டுப் போட்டார்கள்?

அந்த மெட்ராஸ் கம்பெனி அதிகாரி முதலில் வந்த நாள் நினைவிருக்கிறதா? சொந்தமாக ஆபரேட்டிங் சிஸ்டம் செய்துவிட்டார்கள். அதில் ஓட்டத்தான் புரோகிராம்கள் இல்லை. "நீங்க எழுதினாத்தாங்க இது கம்ப்யூட்டர். இல்லாட்டி வெறும் பொட்டி" என்று கைகூப்பினார். நீ நம்பினாய். கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டாய். கோவில்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்துக்குப் போய், ஒன்றரை வருடம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் தமிழ் வரவைக்கும் புரோகிராமை எழுதினாய். திரையில் முதன்முதலாகத் தமிழில் ஒரு மனு வந்தபோது அப்பா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு அவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றினார்கள். உன் புரோகிராம் ஓடவில்லை. புதியது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும் கையேட்டைக் கேட்டு நீ எழுதிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை. நாம் இருவரும் மெட்ராசுக்குப் போய் அதே அதிகாரியைப் பார்த்தோம்.

"புதுக் கையேடு வெளியாளுங்களுக்குக் குடுக்கறதில்லம்மா."

"நான் வெளியாளா? கூப்பிட்டது நீங்கதானே சார்?"

"இப்ப எங்க ஆளுங்களே தமிழ் போட்டுட்டாங்க" என்று திரையைக் காட்டினார்.

அத்தனையும் உன் எழுத்து. நீ உன் கையெழுத்தைப் பார்த்து வரைந்த ழ, அதே கோணல் வாலோடு இருந்தது. ஊர் திரும்பும் பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாய்: "வாலைக்கூட நிமித்தலடி." அன்று நான் ஏன் அங்கேயே கத்தவில்லை, அக்கா?

அந்தச் சுவரொட்டியில் போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போனேன். அதே ஆள், அதே கும்பிடு. "செல்வி எங்க குடும்பத்துல ஒருத்தர்" என்றார். அதற்குமேல் உட்கார முடியவில்லை.

"சார், நான் செல்வியோட தங்கச்சி. அவள வெளியாள்னு சொன்னது நீங்கதானே?"

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். தருமபுரத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் எழுந்தார்.

"இனிமே எத மாத்தினாலும் கையேட்ட எங்களுக்கும் குடுப்போம்னு எழுதிக் குடுங்க. புரோகிராம் எழுதினவங்க பேருலயே இருக்கும்னும் எழுதுங்க."

"மேலிடத்துல கேக்கணுங்க."

"கேட்டுட்டு வாங்க. அப்புறம் எழுதறோம்."

விண்ணப்பத் தாள்கள் மேசையிலேயே கிடந்தன. ஒருவரும் தொடவில்லை. அதிகாரி பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். இதே படத்தோடு நாகப்பட்டினத்துக்கோ மாயவரத்துக்கோ போவார் என்று எனக்குத் தெரியும். அங்கிருக்கும் பயிற்சி நிலையங்களுக்கெல்லாம் நடந்ததை எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் புரோகிராமை அச்செடுத்த தாள்கள் என்னிடம்தான் இருக்கின்றன. நீ உட்கார்ந்த பயிற்சி நிலையத்திலேயே சேர்ந்திருக்கிறேன். பாதி வரி இன்னும் புரியவில்லை. புரியும்வரை விடமாட்டேன். வேறொரு கம்ப்யூட்டரில் அதை ஓடவைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் எப்படி எழுதியது என்பதையும் சேர்த்தே கொடுப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி