அம்மா வந்திருக்கிறாள்

5-3-1962
இரண்டாம் வகுப்பு ராஜப்பாவின் லீவு லெட்டரை அவன் தங்கை பத்மா கொண்டுவந்தாள். 'வீட்டுக்கு அம்மா வந்திருப்பதால் பையன் வர இயலாது.' பிரசவத்துக்குக் குடியாத்தம் போன தாய் திரும்பிவிட்டாள் போலும். பாவம், கொஞ்ச நாள் அம்மா மடியில் இருக்கட்டுமே! கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

8-3-1962
கரும்பலகைக்குக் கரி பூசினோம். கை இன்னும் கறுப்பு.

19-3-1962
இன்று ஆறு பேர் வரவில்லை, அதில் பத்மாவும் ஒருத்தி. ஆறு லெட்டரிலும் 'அம்மா வந்திருக்கிறாள்'. அதெப்படி, ஆறு அம்மாக்களும் ஒரே ரயிலில் மாரிகுப்பம் வந்து இறங்கினார்களா? ஆயா தாயம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர்! அது பெத்த அம்மா இல்ல. அம்மை போட்டுகீது!"

நான் வேதக்கார வீட்டுப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு எங்கே தெரியும் — சீ, இது ஒரு சாக்கா? இரண்டு வாரமாகப் பத்மாவை மற்ற பிள்ளைகளோடு ஒட்டி உட்காரவைத்திருக்கிறேன். பெரியம்மையாக இருந்தால்? கடவுளே, ஒரு குழந்தை போனால்கூட நான் எப்படித் தாங்குவேன்?

20-3-1962
"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டேன். சுரங்கத் தொழிலாளர் லைனில் ஒரு வீட்டிலும் வாய் திறக்கவில்லை. தாயம்மா சொன்னபடி, வாசலில் வேப்பிலை செருகிய வீடுகளை எண்ணினேன். பதினொன்று. பத்மாவின் அப்பா முனிரத்தினம் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். டாக்டரை அழைத்து வரட்டுமா என்றேன்.

"அம்மா இருக்கற ஊட்டுக்குள்ள யாரும் வரக்கூடாது டீச்சர். மருந்தும் வாணாம். கோச்சிக்குவாங்க."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அடக்கிக்கொண்டு, "உள்ள வரமாட்டார், மருந்து தரமாட்டார். தெருவுல நின்னு பாக்கட்டும், போதுமா?" என்றேன். தலையாட்டினார்.

21-3-1962
டாக்டர் தெருவில் நின்றார். முனிரத்தினம் பத்மாவைத் துணியில் சுற்றி வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்தார். முகம், முதுகு, உள்ளங்கை எல்லாம் பார்த்தார் டாக்டர்.

"சின்னம்மைதான். பயப்படாதீங்க."

அப்பாடா! நடுத்தெருவில் அழுதுவிட்டேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், எனக்கென்ன!

பொருக்கு உதிரும்வரை பள்ளிக்கு அனுப்பக்கூடாதாம். அப்படிச் சொன்னால் யார் கேட்பார்கள்? அம்மை இறங்கியதும் தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றுவது இவர்கள் வழக்கம்; அதற்குள் பொருக்கும் உதிர்ந்துவிடும். "மூணு தண்ணி ஊத்தினப்புறம் அனுப்புங்க" என்று பதினொரு வாசலிலும் சொன்னேன். ஒருவர்கூட மறுக்கவில்லை.

9-4-1962
ராஜப்பா போன வாரமே வந்துவிட்டான். இன்று பத்மா வந்தாள். முகமெல்லாம் மஞ்சள், இளைத்துப்போன கை. ஆசையாகக் கையை நீட்டிய நான், அவள் அப்பா நிற்பதைப் பார்த்துச் சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"மூணு தண்ணியும் ஆயிடுச்சி டீச்சர். இப்ப தொடலாம்" என்றார் முனிரத்தினம்.

தூக்கிக்கொண்டேன். முதல் பீரியடில் பாடம் நடக்கவில்லை.