ரெண்டே நிமிஷம்

ஏப்ரல் 3

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நல்லா இருக்கேன். நீயும் குட்டியும் எப்படி இருக்கீங்க? இந்த வருஷம் லீவுக்கு மலைமேல ஏரிக்கரைன்னு முடிவு பண்ணிட்டேன். எங்க மேனேஜர் ஒரு வாரம் விட்டுட்டார். "நீ லீவு போட்டா பாதி ஊரு படியிலதான் ஏறணும்"னு ஒரு குத்தல் வேற. ஏறட்டும், உடம்புக்கு நல்லது. லிஃப்ட் மெக்கானிக்குக்கும் பிள்ளைங்க இருக்காங்கன்னு ஜனங்களுக்குத் தெரியட்டும்.

லாட்ஜ் ஜன்னலைத் திறந்தா தண்ணிதான். படகு இருக்கு. குட்டிக்கு நீச்சல் சொல்லித் தரப் போறேன். அஞ்சு வயசாச்சு, இன்னும் என்ன பயம்? ஸ்வெட்டர் எடுத்து வை. அம்மாகிட்ட சொல்லிடு. புத்தகத்தால பெட்டியை நிரப்பினா பெட்டியை நீயேதான் தூக்கணும்.

அப்பா

---

ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் பலமுறை படித்தேன். குட்டி தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருமுறை "படித்தான்". அதில் யானை இருப்பதாகச் சொல்கிறான்.

ஒரு சிறு திருத்தம். குட்டிக்கு ஐந்து இல்லை அப்பா, ஆறு. போன மாதம்தான் பிறந்தநாள் வந்து போனது.

"போனிலேயே பேசலாமே, எதற்கு இவ்வளவு எழுதுகிறாய்?" என்று அம்மா கேட்கிறார். போனில் நீங்கள் "சாப்பிட்டியா, படிக்கிறியா" என்பதைத் தாண்டுவதில்லை. கடிதத்தில்தான் முழு அப்பாவாக வருகிறீர்கள். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. நீங்கள் வேறு ஊரில் தனியாக இருக்க ஆரம்பித்ததிலிருந்து, உங்களைப் பற்றி ஏதாவது சொன்னால் அம்மா உடனே அடுப்பைத் துடைக்கப் போய்விடுகிறார்.

போன வருடம் உங்கள் வேலையைப் பார்க்கக் கூட்டிப் போனீர்களே, நினைவிருக்கிறதா? லிஃப்டுக்குள் யாரோ மாட்டிக்கொண்டு கதவைத் தட்ட, நீங்கள் மேலே இருந்து "ரெண்டே நிமிஷம்! ஒண்ணும் ஆகாது!" என்று கத்தினீர்கள். ரொம்ப நேரம் ஆனது. ஆனாலும் உள்ளே இருந்தவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது குட்டி குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அதையேதான் கத்துகிறான்.

புத்தகங்களைக் குறைத்துக்கொள்கிறேன். எப்படியும் படிக்கும்போதெல்லாம் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்குகிறது. ஒரு கை அதைத் தள்ளிவிடவே சரியாக இருக்கிறது.

உங்கள் அன்பு மகள்

---

மே 6

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டி நன்றாக இருக்கிறான். காதுவலி போய்விட்டது. நேற்று ஊஞ்சலிலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கிறான் என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

ஊர் திரும்பியதும் நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். பேருந்தில் ஏற்றிவிட்டபோது என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியை மட்டும் தட்டிவிட்டுப் போனீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உங்கள் நினைவில் இருப்பதும் என் நினைவில் இருப்பதும் வேறாக இருக்கலாம்.

ஏரிக்கரையில் அன்று காலை மழை. குட்டி படகு வேண்டாம் என்றபோதே எனக்குச் சந்தேகம். படகு வேண்டாம் என்கிற பிள்ளையா அவன்? தொட்டுப் பார்த்தால் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தான். காதைப் பிடித்துக்கொண்டு அழுதான், குடித்த பாலை வாந்தி எடுத்தான். லாட்ஜ்காரர் தைலம் கொண்டுவந்து, "குளிர்காத்து சார், தானா சரியாயிடும்" என்றார். கடைத்தெரு டாக்டர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு. மருந்துக்கடைக்காரர், "நான் ஏதாவது குடுத்து அனுப்பிடலாம் சார். ஆனா காதைப் பிடிச்சிட்டு இப்படி அழறான், மேல ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க" என்றார். டாக்ஸிக்காரர் உங்களைப் பார்த்து, "ஏரியைச் சுத்திக் காட்டறதுன்னா வரேன், ஆஸ்பத்திரி பக்கம் ரோடு சரியில்லை" என்றார். நீங்கள் அவரை என்னவோ திட்டினீர்கள். அது என் அகராதியில் இல்லை.

பிறகு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டில் ஏறினீர்கள். நான் குடை பிடித்தேன். குடை உங்கள் உயரத்துக்கு எட்டவில்லை. அதனால் குட்டியின் முதுகைக் காப்பாற்றினேன், உங்கள் தலையைக் கைவிட்டேன். வழி முழுக்க, "ரெண்டே நிமிஷம்டா கண்ணு, ரெண்டே நிமிஷம்" என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். அவன் அதை நம்பி அழுகையை அடக்கிக்கொண்டான். இதை நான் மறக்க மாட்டேன்.

அதற்கப்புறம் அந்த மேஜை.

டாக்டர் வயதைக் கேட்டார். "அஞ்சு" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எடை கேட்டார். "இருபத்தஞ்சு கிலோ இருப்பான்" என்றீர்கள். அவன் பத்தொன்பதுதான். முன்னால் காதுவலி வந்ததுண்டா என்றார். "இல்லவே இல்லை டாக்டர், இரும்பு மாதிரி பையன்." எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்றார். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. நீங்க தைரியமா ஊசியைப் போடுங்க."

நர்ஸ் அக்கா ஊசித் தட்டை எடுத்துவிட்டார். அப்போதுதான் கத்தினேன். "இல்லை! அவனுக்குப் பென்சிலின் ஆகாது! போன வருஷம் குடுத்து உதடெல்லாம் வீங்கி மூச்சு முட்டிடுச்சு!"

தட்டு கீழே வைக்கப்பட்டது. டாக்டர் உங்களைப் பார்த்து, "நீங்கதானே அப்பா?" என்று கேட்டார். "ஆமா" என்று நீங்கள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் சுழல் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, மிச்சக் கேள்வி எல்லாவற்றையும் என்னிடமே கேட்டார். நீங்கள், "தண்ணி வாங்கிட்டு வந்துடறேன், ரெண்டே நிமிஷம்" என்று வெளியே போனீர்கள்.

அவனுக்கு வேறு மருந்து போட்டார்கள். அவன் தூங்கினான். நானும் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன். மத்தியானம் விழித்தபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். தண்ணீர் பாட்டில் திறக்காமலே கையில் இருந்தது.

நான் சொன்னதற்காக வருத்தப்படவில்லை அப்பா. மறுபடி அந்த மேஜைக்கு முன்னால் நின்றாலும் கத்துவேன். டாக்டர் அந்த ஒரு கேள்வியை உங்களிடம் கேட்டிருக்க வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

டிசம்பர் விடுமுறைக்கு வழக்கம்போல வருவீர்கள் அல்லவா?

உங்கள் அன்பு மகள்

---

மே 28

அன்புள்ள மகளுக்கு,

லெட்டர் கிடைச்சது. குட்டி நல்லா இருக்கறது சந்தோஷம்.

இங்க புதுசா ஒரு பெரிய கட்டடம் எடுத்திருக்கோம். டிசம்பர்ல நகர முடியாது. அதுக்கு அடுத்த லீவும் சந்தேகம்தான். குட்டிக்கு என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு தெரிஞ்சவங்க கூட அவன் இருக்கறதுதான் நல்லது. அன்னிக்கு நீ இல்லாம நான் மட்டும் அவனைக் கூட்டிட்டுப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சா கை வேலை செய்ய மாட்டேங்குது.

நல்லா படி. அம்மாவுக்கு உதவியா இரு.

அப்பா

---

ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த முறை "வாத்தியாரம்மா" என்று நீங்கள் எழுதவில்லை. நான் உறையையும் திருப்பிப் பார்த்தேன்.

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. டாக்டரிடம் நீங்கள்தான் எல்லாம் சொன்னீர்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். குட்டி சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா அஞ்சுன்னு சொன்னார், அக்கா கத்தினா, டாக்டர் நாற்காலி சுத்துச்சு, எனக்கும் அந்த மாதிரி நாற்காலி வேணும்" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டான்.

அம்மா அடுப்பைத் துடைக்கப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடியே, "அவருக்கு எப்படித் தெரியும்? அவன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில இருந்தப்ப நான்தான் சொல்லலை. கோவம். வந்து கேட்கட்டும்னு இருந்தேன். சொன்னாத்தானே கேட்கறதுக்கு" என்றார். பிறகு, "எழுதறதுன்னா எழுது" என்று சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார்.

ஆகையால் இது உங்கள் தப்பு மட்டும் இல்லை. அம்மா துணிக்கடையிலிருந்து திரும்ப ராத்திரி ஆகிவிடுகிறது. பள்ளிவிட்டு வந்து குட்டியைப் பார்த்துக்கொள்வது நான்தான். அதனால் எனக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருந்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். டாக்டர் கேட்டதெல்லாம் தம்பியைப் பற்றி. ஒருவேளை காய்ச்சல் எனக்கு வந்து, அதே மேஜைக்கு முன்னால் என்னைப் பற்றிக் கேட்டிருந்தால்? நான் மயக்கமாக இருந்து திருத்தவும் முடியாமல் போயிருந்தால்? குட்டிக்கு நான் இருந்தேன். எனக்கு யார் கத்துவார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் அந்த நாற்காலியில் தூங்கிப்போனேன்.

அதனால் நானே சொல்லிவைக்கிறேன். எனக்கு வயது பதின்மூன்று. எந்த மருந்தும் எனக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் மாத்திரையை முழுதாக விழுங்க வராது, பொடித்துத் தர வேண்டும். இடி மின்னலுக்குப் பயமில்லை. சாயங்காலம் விளக்குப் போட்ட பிறகு அம்மா வரும்வரை வீடு ஒருமாதிரி இருக்கும், அப்போது ரேடியோவைப் பேச விட்டுவிடுவேன். பாட்டு வேண்டாம், யாராவது பேச வேண்டும். பள்ளியில் வயிற்றுவலி என்று நான் சொன்னால் அது பெரும்பாலும் வயிற்றுவலி இல்லை. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மாவுக்கு ஏற்கெனவே கால்வலி.

மற்றபடி நான் நலம். கண்ணாடிகூட இப்போதெல்லாம் வழுக்குவதே இல்லை. என் மூக்கு வளர்ந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார்.

டிசம்பருக்கு வாருங்கள் அப்பா. ஏரி வேண்டாம், படகு வேண்டாம். சும்மா வாருங்கள்.

உங்கள் அன்பு மகள்

---

ஜூலை 24

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். கிடைத்தும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்வதைவிட இது சுலபமாக இருக்கிறது.

தபால்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிடுகிறார். கிட்டே வந்து ஏமாற்ற வேண்டாம் என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நல்ல மனிதர்.

குட்டிக்குப் பல் ஒன்று விழுந்தது. மேல் வரிசை, முன்பல். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

மகள்

---

ஆகஸ்ட் 11

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

ரெண்டு லெட்டரும் வந்துச்சு. சட்டைப் பையிலேயேதான் இருக்கு, ஓரமெல்லாம் கிரீஸ் ஆயிடுச்சு. பதில் எழுத உக்காருவேன், பக்கத்து ரூம்காரர் டிவி சத்தம் சுவர் வழியா வரும், அதைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பேன். நீ ரேடியோவைப் பேச விடுவேன்னு எழுதியிருந்தியே. எனக்கு அந்த டிவி.

ஒண்ணு சொல்றேன். லிஃப்டுல ஆள் மாட்டினா நான் முதல்ல "ரெண்டே நிமிஷம்"னு கத்திடுவேன். எங்க கோளாறு, எவ்வளவு நேரம் ஆகும்னு அப்ப எனக்கே தெரியாது. உள்ள இருக்கறவங்க பயப்படக்கூடாதுல்ல. வருஷக்கணக்கா அதே வாய். டாக்டர் கேட்டப்பவும் அதுதான் பேசிச்சு. தெரியாதுன்னு சொன்னா குட்டி பயந்துடுவான்னு நினைச்சேன். அப்படின்னு உனக்கு எழுதலாம்னு இருந்தேன். ஆனா நிஜமா பயந்தது நான்தான்.

நீ எழுதினதெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. மாத்திரை, ரேடியோ, வயித்துவலி எல்லாம். குட்டிக்கு மேல் வரிசை முன்பல். அம்மா சொன்னதையும் திரும்பத் திரும்பப் படிச்சேன். நானும் வந்து கேட்டிருக்கணும்னு அம்மாகிட்ட சொல்லு. வேண்டாம், நானே சொல்றேன்.

உன் லெட்டர்ல ஒரு தப்பு இருக்கு, திருத்திக்கோ. உன் மூக்கு ஒண்ணும் வளரலை. அன்னிக்கு நீ நாற்காலியில தூங்கினப்ப கண்ணாடி நழுவி மடியில விழுந்துச்சு. எடுத்துப் பார்த்தா காதுக்குப் போற கம்பியோட திருகு ரெண்டும் ஆடிச்சு. பையில சின்ன ஸ்க்ரூடிரைவர் எப்பவும் இருக்கும். முடுக்கி, துடைச்சு, உன் முகத்துல மாட்டிவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியில நான் தெரிஞ்சு செஞ்ச ஒரே வேலை அதுதான். நீ முழிக்கலை.

டிசம்பர்ல வர்றேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன், படியில ஏறட்டும். நான் ஏதாவது தப்பா சொன்னா உடனே திருத்து. டாக்டர் முன்னாடியானாலும் சரி, யார் முன்னாடியானாலும் சரி.

போன வாரம் ஒரு அம்மா லிஃப்டுல மாட்டிக்கிட்டாங்க. "எவ்வளவு நேரம்பா ஆகும்?"னு கத்தினாங்க. வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டு, "தெரியலைம்மா. ஆனா நான் எங்கயும் போகலை, இங்கயேதான் இருக்கேன்"னு சொன்னேன். அவங்க என்னையும் என் கம்பெனியையும் நல்லா திட்டினாங்க.

ஆனா அழலை.

அப்பா